ஸ்டேஷனிலிருந்து வீடு வரை யார் பொறுப்பு?

வேளச்சேரியில் பறக்கும் ரயில் உண்டு, இரண்டடுக்கு மேம்பாலம் உண்டு, பஸ்ஸுக்கும் குறைவில்லை. இறங்கி நடக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மாலை ஏழேகால் மணி, விஜயநகர் சந்திப்பு. தலைக்குமேல் பாலத்தில் வண்டிகள் பறக்கின்றன. கீழே, தரமணிப் பக்கமிருந்து வந்த மாநகரப் பேருந்து நிறுத்தத்தை நெருங்க முடியாமல் நடுரோட்டிலேயே நின்று ஆள் இறக்குகிறது. நிறுத்தத்தின் இடத்தை ஷேர் ஆட்டோக்கள் பிடித்துக்கொண்டு, ‘மேடவாக்கம், மேடவாக்கம்’ என்று கூவுகின்றன. தோளில் அலுவலகப் பையும் கையில் காய்கறிப் பையுமாக இறங்கும் பெண்மணி, பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் புகுந்து வரும் பைக்குகளைக் கை நீட்டி நிறுத்திக் கடக்கிறார். பிளாட்பாரத்தில் அவர் ஏறவில்லை. ஏற வேண்டுமென்றால் காலை முழங்கால் அளவுக்குத் தூக்க வேண்டும். ஏறினாலும் நாலு எட்டில் ஒரு மின்பகிர்வுப் பெட்டி குறுக்கே நிற்கிறது, அதைச் சுற்றிப் போனால் பெயர்ந்து கிடக்கும் ஒரு சிமென்ட் மூடி. சாலையோரமாகவே, வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நடக்க ஆரம்பிக்கிறார். அந்த நேரத்தில் அந்தச் சந்திப்பில் இறங்கும் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

இதில் வில்லன் என்று யாரையும் கை காட்ட முடியாது. பாலம் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. 2021-இல் ஓர் அடுக்கும் 2022-இல் மற்றொன்றுமாகத் திறந்தார்கள், மேலே போகிறவர்களுக்கு நிஜமாகவே நேரம் மிச்சம். பஸ் விடுவது மாநகர் போக்குவரத்துக் கழகம், பஸ் வந்துவிட்டது. வடிகால் மாநகராட்சியுடையது, தண்ணீர் போகிறது, அல்லது போவதாகக் கணக்கு. மின்வாரியம் பெட்டி வைத்தது, கரண்ட் வருகிறது. அவரவர் தங்கள் பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு மனுஷி பத்திரமாக வீடு போய்ச் சேருவது எப்படி என்பது மட்டும் எந்த அலுவலகத்தின் கோப்பிலும் இல்லை. சென்னையின் குடியிருப்புப் பகுதிகள் இப்படிச் சீரழிந்து கிடப்பதற்குப் பணப் பற்றாக்குறையை முதல் காரணமாகச் சொல்வது வழக்கம். அது இரண்டாவது காரணம்தான். பொருளுக்குப் பொருள் ஒரு பொறுப்பாளி இருக்கிறார், நடக்கும் வழிக்கு ஒருவரும் இல்லை என்பதே முதல் காரணம்.

ஒரே ரோடு, எத்தனை ஆபீஸ்?

வேளச்சேரி ரயில் நிலையத்துக்கும் விஜயநகர் பஸ் நிலையத்துக்கும் இடையே சுமார் ஒரு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் கண்ணில் படுவதையெல்லாம் யார் கையில் என்று பிரித்துப் பாருங்கள். ரயில் நிலையமும் அதன் வளாகமும் ரயில்வேக்கு. பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. அதிலிருந்து பிரியும் தெருக்கள் மாநகராட்சிக்கு. பாதாளச் சாக்கடை மூடிகள் குடிநீர் வாரியத்துக்கு. சிக்னல் போக்குவரத்துக் காவலுக்கு. மாநகராட்சி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளும் பஸ் போகும் சாலைக்கு ஒரு பிரிவு, உள்தெருவுக்கு மண்டல அலுவலகம், வடிகாலுக்கு வேறு பிரிவு, தெருவிளக்குக்கு மின் பிரிவு. சாலையைப் பிடித்து இன்னும் தெற்கே போய்ப் பள்ளிக்கரணையைத் தொட்டால் விநோதம் கூடுகிறது. அங்கேயும் குப்பை அள்ளுவது சென்னை மாநகராட்சிதான். ஆனால் 2022 முதல் காவல் மட்டும் தாம்பரம் ஆணையரகத்தின் கீழ். சாலையில் நடப்பவருக்கு இந்த எல்லைக்கோடு தெரிவதில்லை. வண்டியில் வந்து செயினைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டு, ‘பிளாட்பாரத்தில் மூடி உடைந்திருக்கிறது’ என்று சொன்னால் முதல் கேள்வி அது யாருடைய மூடி என்பதுதான். வடிகால் மூடியா, பாதாளச் சாக்கடை மூடியா, கேபிள் போட்ட கம்பெனியின் மூடியா? புகார் சொல்பவர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டா பதில் சொல்வார்? தவறான துறைக்குப் போன புகார் அந்தத் துறையின் கணக்கில் நேர்மையாகவே முடித்துவைக்கப்படுகிறது, பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை ஊழியர்களின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஓர் உதவிப் பொறியாளர் தன் துறைக்குச் சொந்தமில்லாத மூடிக்குச் செலவு எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது அவர்தான். விதிப்படி நடக்கும் ஊழியரால் வழியைச் சரிசெய்ய முடியாது என்ற நிலையைத்தான் நாம் உருவாக்கி வைத்திருக்கிறோம்.

இந்தச் சிக்கலைத் தட்டிக்கேட்டிருக்க வேண்டியவர்கள் கவுன்சிலர்கள். 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டுகளான மாநகராட்சியில், 2016-லிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. புறநகர் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் தெருவில் நின்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

பிளாட்பாரம் ஏன் இவ்வளவு உயரம்?

நம் ஊர் நடைபாதையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் இந்தக் கோளாறு முழுவதும் விளங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் அது நடைபாதையாகக் கட்டப்பட்டதே அல்ல. கீழே ஓடுவது மழைநீர் வடிகால், மேலே மூடியிருக்கும் கான்கிரீட் பலகைதான் நமக்குப் பிளாட்பாரம். ஆகவே அதன் உயரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் எந்த மட்டத்தில் ஓட வேண்டும் என்ற கணக்கு. மனிதனின் கால் எவ்வளவு உயரும் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. ஏறக்குறைய அரை அடி, ஒரு சாதாரண மாடிப்படி. குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒதுங்கிக்கொள்ளத் தேவையான அகலம் அது.

வடிகால் பலகை உயர்ந்துவிட்டால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? காரை உள்ளே ஏற்ற ஒரு சாய்தளம் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரரும் போடுகிறார். இப்போது பிளாட்பாரம் கேட்டுக்குக் கேட்டு ஏறி இறங்குகிறது. முட்டிவலிக்காரர் நாலாவது கேட்டில் சாலைக்கு இறங்கிவிடுகிறார். சாய்தளம் ஆக்கிரமிப்புதான், சட்டப்படி இடிக்கலாம். ஆனால் அந்தச் சாய்தளத்தைத் தேவையாக்கியது எது என்று கேட்காமல் இடித்தால் மறுமாதமே அது திரும்ப முளைக்கும். சாலையின் மட்டம் வேறு ஒவ்வொரு முறையும் ஏறுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் கொட்டிக் கொட்டி, வாசற்படி சாலைக்குக் கீழே போன வீடுகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. பழைய மேற்பரப்பை ‘மில்லிங்’ செய்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். தார் போடும் ஒப்பந்தக்காரர் அதை மீறினால் யார் அளந்து பார்ப்பது என்பதில்தான் அந்த உத்தரவின் உயிர் இருக்கிறது.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: கணக்கு சொல்லும் கதை

● 2022-இல் நாடெங்கும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825. அடுத்த ஆண்டே பாதசாரிகள் எண்ணிக்கை 35,000-ஐத் தாண்டிவிட்டது. ஐந்து சாவில் ஒன்று நடந்து போனவருடையது.

● 2022-இல் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105.

● சென்னை மாநகராட்சி வசம் பஸ் போகும் சாலைகள் சுமார் 387 கி.மீ. உள்தெருக்கள் 5,000 கி.மீ.க்கு மேல்.

● மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்பது அதன் வாக்குறுதி.
━━━━━━━━━━

பஸ்ஸில் இலவசம், ஆட்டோவுக்குக் காசு

நடக்க வழியில்லை என்பதன் விலை விபத்துப் பட்டியலில் வருவதோடு முடிவதில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று 2021 மே மாதம் அரசு அறிவித்தது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களின் மாதச் செலவில் அது உண்மையான மிச்சம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீடு வரை ஒரு கிலோமீட்டர் இருட்டில், பைக்குகளுக்கு நடுவே நடக்க வேண்டுமென்றால், அதே பெண் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். தனி ஆட்டோ என்றால் சொல்லவே வேண்டாம். 2013-இல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணமே 25 ரூபாய், அந்தத் தொகைக்கு வண்டியைக் கிளப்புகிற ஓட்டுநரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரசு ஒரு கையால் கொடுத்ததைத் தெரு இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறது. அதோடு, பத்து மணிக்கு ஷிப்ட் முடியும் வேலை கிடைத்தாலும் ‘வேண்டாம்’ என்று வீட்டில் முடிவெடுப்பது அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை நினைத்துத்தான். அப்படிக் கைவிட்ட வேலைகளுக்கு எந்த இலாகாவிலும் கணக்கு கிடையாது.

பெண்களின் பாதுகாப்பு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கேமரா. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அங்கே கண்காணிப்புக் கேமராவே இல்லை என்பது ஊரை உலுக்கியது. அதன் பிறகு நிலையங்களில் கேமரா வந்தது, வரவேண்டியதும்தான். ஆனால் கேமரா நடந்ததைப் பிறகு காட்டும்; நடக்கும்போது பக்கத்தில் ஆள் இருப்பதுதான் காப்பாற்றும். பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்கள். பெரிய பெரிய கட்டடங்கள், அதில் பாதித் தளங்களில் மனித நடமாட்டமே இல்லை. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் என்று தொடங்கி, 2007-இல் வேளச்சேரி வரை வந்த இந்தப் பாதையில் ரயில் ஓடுவதற்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் கால்வாசியாவது நிலையத்தை விட்டு வெளியே வரும் வழிக்குக் கிடைத்திருந்தால், கூட்டம் தானாக வந்திருக்கும். பூக்காரம்மாவும் டீக்கடையும் இருக்கும் வாசலில் எட்டு மணிக்கும் பயமில்லாமல் இறங்கலாம். வெறும் டியூப்லைட் எரியும் வாசலில் அந்தத் தைரியம் வராது.

முதியவர்கள் இந்தக் கணக்கில் இன்னும் மறைவாக இருக்கிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது மருத்துவமனையின் பதிவேட்டில் வரும், விழுந்துவிடுவோமோ என்று வெளியே போவதையே நிறுத்திக்கொண்டால் எங்கேயும் வராது. மாநகர் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளை மறுபடியும் சாலையில் விட்டது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய் வாதாடிப் பெற்ற உரிமை அது. ஆனால் சக்கர நாற்காலியை ஏற்றும் பலகை பிளாட்பார விளிம்பில் படிய வேண்டுமென்றால் பஸ் விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பின் உயரம் பஸ்ஸோடு பொருந்த வேண்டும். நிறுத்தத்தில் ஆட்டோ நிற்கக் கூடாது. பஸ் போக்குவரத்துக் கழகத்தின் கையில், விளிம்பு மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலையின் கையில், ஆட்டோவை விரட்டுவது போலீஸின் கையில். மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரே நாளில் தங்கள் வேலையைச் செய்தால் ஒருவர் பஸ் ஏறலாம்.

தண்ணீர் வந்தால் பள்ளம் தெரியாது

வேளச்சேரிக்கு மழை என்றால் தனிப் பயம். ஒரு காலத்தில் 200 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த ஏரி இன்று சுமார் 55 ஏக்கர். உபரிநீர் போய்ச் சேரவேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் சுற்றிலும் கட்டடங்களால் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் பட்ட அனுபவத்தில், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சமூக வலைதளங்களில் அது சிரிப்பாகச் சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது: காருக்குப் போய் நிற்க மேடான இடம் ஒன்று கிடைத்துவிட்டது. பால் வாங்கவும் மாத்திரை வாங்கவும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு, கால் வைக்கும் இடத்தில் மூடி இருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று தெரியாது.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2022 அக்டோபரில், சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தார். வெள்ளத்தைத் தடுக்கத் தோண்டிய பள்ளம் அது. 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் அதிகாலை வேலைக்குப் போன தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய தண்ணீரில் கால் வைத்ததும் மின்சாரம் தாக்கி இறந்தார். இரண்டு சம்பவத்திலும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் அந்த வழியை யாராவது ஒருவர் இரவில் நடந்து பார்க்க வேண்டியது கடமையாக இருந்ததா என்றால், இல்லை. தோண்டுகிறவர் தோண்டும் இடத்துக்கும் கேபிள் போடுகிறவர் கேபிளுக்கும் மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

‘ஜனங்களே சரியில்லை சார்!’

இதையெல்லாம் சொன்னால் அதிகாரிகள் வட்டாரத்திலும் டீக்கடை பெஞ்சிலும் ஒரே மாதிரி வரும் பதில் இது. பிளாட்பாரத்தில் பைக் ஓட்டுகிறவர் யார், கடை போடுகிறவர் யார், எதிர்த்திசையில் வருகிறவர் யார்? நியாயமான கேள்விதான். பைக் ஏறுகிறது என்றால் அது ஏற முடிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்றும் பொருள். சாய்தளத்தின் வாயில் மூன்றடிக்கு ஒரு தடுப்புக் குத்துக்கல் நட்டால் சக்கர நாற்காலி போகும், பைக் தயங்கும். கடைக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பும் தருகிறது, இடம் ஒதுக்கிக் கொடுக்கும் கடமையை உள்ளாட்சிக்கும் தருகிறது. இடம் ஒதுக்காமல் அவ்வப்போது லாரி கொண்டுவந்து தள்ளுவண்டிகளை அள்ளிப் போவதால் பிளாட்பாரம் ஒருநாள் காலியாகும், அவ்வளவுதான். ராத்திரி நேரத்தில் அந்தக் கடை விளக்குகளை நம்பித்தான் பெண்கள் நடக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அடுத்த ஆட்சேபம் அகலம் பற்றியது. ‘நம்ம தெருவே இருபதடி, இதில் எங்கே நடைபாதை?’ உள்தெருக்களுக்கு இது உண்மை. அங்கே நடைபாதை தேவையே இல்லை. வண்டியை மெதுவாக்கினால் தெரு முழுதுமே நடைபாதைதான். வேகத்தடையை ஒழுங்கான வளைவில் போட்டு, வெள்ளைக் கோடு தீட்டி, விளக்குக் கம்பத்துக்கு அடியில் வைத்தால் போதும். இருட்டில் தெரியாத வேகத்தடை அதுவே ஒரு விபத்து. அகலத்தைக் காரணம் காட்ட முடியாத இடம் 100 அடிச் சாலை. அங்கே இடம் இருக்கிறது, அதை யாருக்குக் கொடுத்தோம் என்பதுதான் விஷயம். 2019-இல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்டபோது வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்று அங்கே மாலையில் நடக்க இடம் தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவு கூட்டம்.

பணம் இல்லை என்ற பதிலைத்தான் ஏற்கவே முடியாது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அது தேவையான செலவு. ஆனால் அவ்வளவு செலவழித்துக் கட்டிய நிலையத்துக்கு வெளியே வரும் முதல் நூறு மீட்டரில் மூடி இல்லாத வடிகால் இருந்தால், பயணி இரண்டாவது நாள் பைக்கை எடுத்துவிடுவார். ஏற்கெனவே கையில் இருப்பதை இணைப்பதிலேயே நாம் எவ்வளவு நிதானம் என்பதற்கு வேளச்சேரியே சாட்சி. பரங்கிமலை வரையிலான வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் இணைப்பு 2008-இல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் நிலம் எடுப்பதில் சிக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது.

சட்டம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை

நடைபாதையில் தடையின்றி நடப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போய், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், மாநிலங்கள் இதற்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கவும் உத்தரவிட்டது. சாலையைத் தவறாக வடிவமைத்து அதனால் உயிர் போனால், பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 முதலே இடம் உண்டு. ஆனால் தணிக்கை அறிக்கை வந்தால் அது யார் மேஜையில் போய் உட்காரும்? நெடுஞ்சாலை ஒரு பிரதி, மாநகராட்சி ஒரு பிரதி, ரயில்வே ஒரு பிரதி என்று பிரிந்து போனால் நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

புதிதாக ஓர் ஆணையம் வைத்தால் தீருமா? ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது நல்ல காரியம். ஆனால் செயலி மூன்று வண்டிகளை இணைக்கும், மூன்றுக்கும் நடுவே இருக்கும் உடைந்த பலகையை இணைக்காது. அதற்குத் தெருவில் நின்று மற்ற துறைகளையும் வேலை வாங்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை நியமிப்பது எப்படி என்று இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் சென்னையின் மண்டலங்களுக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கண்காணிப்பு அலுவலர்களாகப் போடுகிறார்கள். அந்த நாட்களில் வடிகால் யாருடையது, மூடி யாருடையது என்று யாரும் வாதாடிக்கொண்டிருப்பதில்லை. மின்வாரியமும் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் ஒருவர் பேச்சுக்குக் கட்டுப்படுகின்றன. மழை ஓய்ந்ததும் அந்த அதிகாரிகள் தத்தம் துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள், மூடிகள் மறுபடியும் தனித்தனி அலுவலகங்களுக்குச் சொந்தமாகிவிடுகின்றன. அடையாறு மண்டலத்தில் மட்டுமாவது ஒரு வருடத்துக்கு அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறாமல் விட்டுப் பார்க்கலாம். ரயில் நிலையத்திலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் கிளம்பும் முக்கியமான நடைவழிகளை அந்த அலுவலர் பெயரிலேயே எழுதி வைத்து, மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு எல்லாத் துறைப் பொறியாளர்களையும் அழைத்துக்கொண்டு அவர் அந்த வழிகளில் நடக்கட்டும். எது சரியானது, எது ஆகவில்லை என்பதை வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் படித்துக் காட்டட்டும். முதலில் நடக்க வேண்டிய வழி, வேளச்சேரி ஸ்டேஷனிலிருந்து விஜயநகர் வரை.